எத்தனை மணி நேரத்தில் வந்து சேரலாம்?

(இணையவழி இலக்கிய அரங்கில் ஆற்றிய நேரலை உரையின் கட்டுரை வடிவம்)

திரையில் பெயர்களைப் பார்க்கிறேன். சிங்கப்பூரிலும் நான் இருக்கிற பெர்த்திலும் இப்போது இரவு. டொராண்டோவில் இருப்பவர்களுக்குக் காலை. லண்டன் நண்பர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என் குரல் ஒரு வினாடியில் உங்கள் எல்லோரிடமும் வந்துவிடுகிறது. நானே வந்து சேர வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் ஆகும்? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் வரலாறு படித்தவள் இல்லை. நர்சிங் டிப்ளமா படித்தவள். பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம். இருபது வருடங்களுக்கு மேலாக ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்க்கிறேன், இப்போது முதியோர் பிரிவில். வார்டு தொலைபேசியை எடுத்தால் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. “நான் இப்போதே கிளம்ப வேண்டுமா? இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாமா?” லண்டனிலிருந்து ஒரு மகன் கேட்பார், டப்ளினிலிருந்து ஒரு மகள் கேட்பார். இதே கேள்வியை நம்மில் பலரும் மதுரைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போன் போட்டுக் கேட்டிருப்போம். அந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் கொண்டுபோனது.

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே நேர்வழியில் சுமார் 17,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவில் பாதியே 20,000 கிலோமீட்டர்தான். அதனால் உலகத்தில் இரண்டு ஊர்கள் இதைவிட வெகுவாக விலகி இருக்க முடியாது. இந்தத் தூரத்தைக் கடக்கும் நேரம் எப்படிக் குறைந்தது என்பதை விமான நிறுவனங்கள் வேகத்தின் கதையாகச் சொல்லும். நான் வேறொரு அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். சேதி போய்ச் சேர எவ்வளவு நேரம்? ஆள் போய்ச் சேர எவ்வளவு நேரம்? இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு? வெளிநாட்டில் வாழ்கிறவர்களின் துக்கம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

கப்பலும் தந்தியும்

1787 மே 13 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் கைதிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. அவை ஆஸ்திரேலியக் கரையை அடைந்தது 1788 ஜனவரியில். எட்டு மாதம். அதன்பிறகு அந்த மனிதர்களுக்கு ஊரிலிருந்து முதல் கடிதங்கள் வந்தது 1790 ஜூனில், ‘லேடி ஜூலியானா’ என்ற கப்பலில். கிளம்பி மூன்று வருடம் கழித்து! தாய் இறந்திருந்தால் அந்தச் சேதி வரும்போது கல்லறை மண்ணில் புல் முளைத்திருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் சேதியும் ஆளும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். சேதிக்கு எட்டு மாதமென்றால் ஆளுக்கும் எட்டு மாதம். இடைவெளி என்று ஒன்றே இல்லை. “நான் போயிருக்கலாமோ?” என்று கேட்டுக்கொள்ள இடமில்லை. அழுதுவிட்டு வேலையைப் பார்க்கத்தான் முடியும்.

1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் கொழும்பில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போயின. பயணம் ஏறத்தாழ ஆறு வாரமாகச் சுருங்கியது. 1872ல் தந்தி வந்தது. சார்லஸ் டாட் என்பவரின் தலைமையில் ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையைக் குறுக்காக வெட்டி, போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டருக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். டார்வினிலிருந்து ஜாவாவுக்குக் கடலடிக் கம்பி. அங்கிருந்து லண்டன் வரை கம்பிவழி.

நான் சொன்ன இடைவெளி அந்த வருடம்தான் பிறந்தது. சேதி ஒரு நாளைக்குள் வந்தது. ஆள் போக ஆறு வாரம். தந்தி என்றாலே நம்மூர்ப் பெண்கள் பிரித்துப் படிக்கும் முன்பே அழத் தொடங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருப்போம். “தகப்பனார் சீரியஸ், உடனே புறப்படவும்” என்று வந்தால், ஆள் போய்விட்டார் என்று பொருள். ‘உடனே புறப்படவும்’ என்ற சொல் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பொருந்தும். லண்டனிலிருந்து சிட்னிக்கு எப்படிப் பொருந்தும்? அப்பா சாகக்கிடக்கிறார் என்று இன்றைக்குத் தெரிந்தாலும், கப்பல் கரை சேர்வது ஒன்றரை மாதம் கழித்து. தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்ய முடியாத நிலையை மனிதர்களுக்குக் கொடுத்தது தந்திதான்.

28 நாள், 19 நாள், 12 நாள்

முதல் உலகப்போர் முடிந்ததும் ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியக் குழுவுக்கு 10,000 பவுண்டு. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள், ஷியர்ஸ், பென்னட் என்ற இரண்டு மெக்கானிக்குகளோடு, விக்கர்ஸ் விமி என்ற விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று லண்டனுக்கு அருகிலிருந்து கிளம்பினார்கள். டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். ஏறத்தாழ 28 நாள். அதில் வானத்தில் இருந்தது 135 மணி நேரம்தான். மீதியெல்லாம் சேற்றில் புதைந்த சக்கரத்தை மீட்பதிலும், இயந்திரத்தைச் சரிபார்ப்பதிலும், தூங்குவதிலும் போனது. மேலே கூரை இல்லாத விமானம். குளிரில் விரல் மரத்துப்போகும்.

1930 மே மாதத்தில் ஏமி ஜான்சன் என்ற இருபத்தாறு வயதுப் பெண் இதே வழியில் தன்னந்தனியாகப் பறந்தார். குராய்டனிலிருந்து டார்வினுக்கு பத்தொன்பதரை நாள். அவர் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, ஏப்ரல் 30 அன்று, லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே வானொலித் தொலைபேசி தொடங்கியிருந்தது. குரல் ஒரு நொடியில் போய்விட்டது. ஆள் போக இன்னும் வாரக்கணக்கு.

1934ல் மெல்பர்ன் நகரத்தின் நூற்றாண்டுக்காக ஒரு விமானப் பந்தயம் நடந்தது. வென்றவர்கள் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு 71 மணி நேரத்தில் வந்தார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவதாக வந்த விமானத்தின் கதை. ‘உய்வர்’ என்ற டச்சு டிசி-2 விமானம். அதில் மூன்று பயணிகளும் இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் இரவில் புயலில் வழிதவறி ஆல்பரி என்ற சிற்றூருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை அணைத்து ஏற்றி, மோர்ஸ் குறிப்பில் ஊர்ப்பெயரை வானத்துக்கு எழுதிக் காட்டினார்கள். வானொலி அறிவிப்பைக் கேட்டுக் கார் வைத்திருந்தவர்களெல்லாம் குதிரைப்பந்தய மைதானத்துக்கு வந்து முன்விளக்குகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. மறுநாள் காலை சேற்றில் மாட்டிக்கொண்ட விமானத்தை ஊரே கயிறு கட்டி இழுத்து மீட்டது. எங்கிருந்தோ வந்தவர்களைப் பத்திரமாக இறக்க ஒரு ஊர் முழுவதும் தூக்கத்தைவிட்டு எழுந்து வந்திருக்கிறது.

அடுத்த வருடம், 1935 ஏப்ரலில், இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸும் சேர்ந்து லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குப் பயணிகள் சேவையைத் தொடங்கின. பன்னிரண்டரை நாள். நடுவில் பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயில். பிறகு கராச்சி, ஜோத்பூர், டெல்லி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று பல ஊர்களில் இறங்கி ஏற வேண்டும். ஒருவழிக் கட்டணம் 195 பவுண்டு. சாதாரணக் குடும்பங்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. 1938ல் தண்ணீரில் இறங்கும் ‘பறக்கும் படகுகள்’ வந்தபோது, சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ பத்து நாளாயிற்று.

வழி அறுந்த வருடம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. லண்டன்–சிட்னி வான்வழியின் நடுக்கண்ணி அது. சங்கிலி அங்கே அறுந்தது. அதற்கு முன்பே ஜனவரி 30 அன்று, திமோருக்கு அருகே குவாண்டாஸின் ‘கோரியோ’ என்ற பறக்கும் படகு சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தது. பிப்ரவரி 28 அன்று ஜாவாவிலிருந்து வந்த ‘சர்சி’ காணாமல் போனது. மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள், பெண்களும் குழந்தைகளும், நீரில் நின்றிருந்த பறக்கும் படகுகளுக்குள்ளேயே இருந்தார்கள். குறைந்தது 88 பேர் இறந்தார்கள்.

சிங்கப்பூர் வீழ்ந்தபோது தமிழர்களுக்கும் வழி அறுந்தது என்பதை இந்த அரங்கில் சொல்லியாக வேண்டும். மலாயாவிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் ஊருக்குப் போன கப்பல், கடிதம், பணம் எல்லாம் நின்றன. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ படித்தவர்களுக்கு அந்த உலகம் தெரியும். மெடானிலும் பினாங்கிலும் இருந்த நம் ஆட்கள் மூன்றரை வருடம் ஊரின் நல்லது கெட்டது தெரியாமல் இருந்தார்கள். சேதியும் இல்லை, ஆளும் இல்லை.

ஒரு மாதம் கழித்து யுத்தம் இலங்கையை நெருங்கியது. காலிக்கு அருகே கொக்கல என்ற ஊரில் ஒரு ஏரி இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படை அதைப் பறக்கும் படகுகளுக்கான தளமாக்கியிருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கேட்டலினா விமானத்தில் ரோந்து போன லியோனார்ட் பர்ச்சல் என்ற கனடா விமானி, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். அவருடைய விமானம் சுடப்பட்டது. அவர் யுத்தம் முடியும்வரை ஜப்பானியர் சிறையில் இருந்தார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின்மேல் குண்டு விழுந்தது.

கொக்கல தளத்துக்காக அந்த ஊர் மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு தப்பியது, இன்று அது அருங்காட்சியகத்தின் பகுதி. தூர தேசங்களை இணைக்கப்போகிற ஒரு ஏரிக்காக, அதன் கரையில் இருந்தவர்கள் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

இரண்டு விடியல்

அந்த ஏரிக்கும் நான் இருக்கிற பெர்த் நகரத்தின் ஸ்வான் ஆற்றுக்கும் இடையேதான் அறுந்த சங்கிலியை மறுபடி முடிந்தார்கள். நேர்வழியில் சுமார் 5,650 கிலோமீட்டர். நடுவில் இறங்க இடமில்லை. கடல் மட்டும்தான், அதிலும் ஜப்பானிய விமானங்கள் ரோந்து வருகிற கடல். 1943 நடுவில் தொடங்கி 1945 ஜூலை வரை, குவாண்டாஸின் ஐந்து கேட்டலினாக்கள் இந்த வழியில் பறந்தன. ஐந்துக்கும் நட்சத்திரங்களின் பெயர்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா.

பயண நேரம் 27 மணியிலிருந்து 32 மணிக்கும் மேல், காற்றைப் பொறுத்து. மணிக்கு 200 கிலோமீட்டர்தான் வேகம். எரிபொருளை அளவுக்கு மேல் நிரப்பியிருப்பார்கள். கிளம்பிய முதல் பல மணி நேரத்துக்குள் ஒரு இயந்திரம் நின்றாலும் அந்தக் கனத்தோடு பறக்க முடியாது, கடலில் இறங்க வேண்டியதுதான். எடையைக் குறைக்க, தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். துப்பாக்கி கிடையாது. துணைக்கு இன்னொரு விமானமும் கிடையாது. எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் வானொலியில் பேசுவதில்லை. ஆபத்தான பகுதியை இருட்டில் கடக்கும்படி கிளம்பும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பயணத்தில் ஏற்றக்கூடியது மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும். அவ்வளவுதான்! ஒரு கடிதம் ஐந்து கிராம் என்று வைத்தால் 69 கிலோவில் சுமார் 13,800 கடிதம். யார் போவது, எந்தத் தபால் போவது என்பதை அரசும் ராணுவமும் முடிவு செய்தன. பயணிகள் ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க’த்தில் அவர்கள் உறுப்பினராம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு சின்ன வேடிக்கை.

இரண்டு வருடத்தில் 271 தடவை இந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை. யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து வந்த உதவியின் ஒப்பந்த விதிகளின்படி அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். இன்று ஸ்வான் ஆற்றங்கரையில் நெட்லண்ட்ஸ் பக்கம் நடக்கிறவர்களில் பலருக்கு, அந்தத் தண்ணீரிலிருந்துதான் இலங்கைக்கு விமானம் போனது என்று தெரியாது.

என் அளவுகோலுக்கு வருகிறேன். அந்த முப்பது மணி நேரத்தில் விமானம் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றுகூடக் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. சேதியும் ஆளும் மறுபடியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். தந்திக்கு முந்திய காலம் வானத்தில் கொஞ்ச நாள் திரும்பி வந்தது போல.

யாருக்கு இந்த வழி?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இலங்கையிலிருந்து பெர்த்துக்கு விமானம் பறந்த அதே காலத்தில், இலங்கைத் தமிழரோ சிங்களவரோ ஆஸ்திரேலியாவில் குடியேற நினைத்தால் சட்டம் கதவை மூடியிருந்தது. 1901ல் வந்த குடிவரவுச் சட்டம், வேண்டாதவர்களுக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களைச் சொல்வதை எழுதச் சொல்லித் தேர்வு வைத்தது. எந்த மொழி என்று அதிகாரி முடிவு செய்வார். தேறவே முடியாத தேர்வு. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையின் கடைசிச் சுவடுகள் அகன்றது 1973ல்தான். கொக்கலவிலிருந்து பெர்த்துக்கு முப்பது மணி நேரம் என்பது சிலருக்கு மட்டும். மற்றவர்களுக்கு எழுபது வருடம்.

வெள்ளையர்களிலும் ஏழைகளுக்கு வானம் எட்டவில்லை. 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடு சிட்னியிலிருந்து லண்டன் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று நின்று நின்று நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் விலை ஒரு சராசரித் தொழிலாளிக்கு எட்டாத தொகை. ஆகவே அதே காலத்தில் பிரிட்டனிலிருந்து குடியேற வந்தவர்களில் பெரும்பாலோர் கப்பலில்தான் வந்தார்கள். அரசின் உதவித் திட்டத்தில் பெரியவர்களுக்குப் பத்துப் பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் உதவிப் பணத்தைக் கட்ட வேண்டும்.

அப்படி வந்தவர்களின் தலைமுறையைத்தான் நான் வார்டில் பார்க்கிறேன். ‘பத்துப் பவுண்டு ஆட்கள்’ என்று தங்களைத் தாங்களே சொல்லிச் சிரிப்பார்கள். இருபது வயதில் வந்தவர்கள், இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். இரவு ஷிப்டில் தூக்கம் வராதபோது ஒரு மூதாட்டி சொன்னார்: துறைமுகத்தில் அம்மா கையசைத்ததுதான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது. தந்தி வந்த அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டேன், வேறென்ன செய்வது?” என்றார். வேற்று மொழி, வேற்று நிறம். ஆனால் அந்தப் பதிலை என் பாட்டியும் அப்படியேதான் சொல்லியிருப்பார்.

1959ல் இந்த வழியில் ஜெட் வந்தது, 1971ல் குவாண்டாஸின் ஜம்போ 747 வந்தது. ஒரே விமானத்தில் நூற்றுக்கணக்கானவர்கள். கட்டணம் இறங்கியது. நர்சும் டிரைவரும் ஊருக்குப் போய்வரும் காலம் அதன்பிறகுதான் தொடங்கியது.

பதினேழு மணி நேரமும் ஆறாயிரம் கிலோமீட்டரும்

1989 ஆகஸ்டில் ஒரு 747-400 விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் வந்தது. பயணிகளை நிரப்பிக்கொண்டு வரவில்லை, புது விமானத்தைக் கொண்டுவந்த பயணம் அது. 2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காத பயணிகள் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று தள்ளிவிடுவதால் திரும்பி வரும்போது கொஞ்சம் குறையும். 2019 நவம்பரில் லண்டன்–சிட்னி சோதனைப் பயணம் ஒன்று 19 மணி 19 நிமிடம் எடுத்தது. இரட்டைச் சூரியோதயப் பயணங்களின் நினைவாக அந்தத் திட்டத்துக்கு ‘சன்ரைஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தச் சோதனைப் பயணங்களில் மனித உடம்பையும் ஆராய்ந்தார்கள்: எப்போது தூங்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எப்போது எழுந்து நடக்க வேண்டும் என்று. கால் வீங்குவதையும் இரத்தம் உறைவதையும் பார்த்திருக்கிற எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றவில்லை.

இப்போது ஒரு கணக்கு. பெர்த்திலிருந்து திருவனந்தபுரம் நேர்வழியில் சுமார் 6,100 கிலோமீட்டர். லண்டன் தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து நான் எங்கள் ஊர் முற்றத்தில் கால் வைக்கும்போது, லண்டன்காரர் தன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார். தூரத்துக்கும் நேரத்துக்கும் நேரான உறவு கிடையாது. நடுவில் பணம் இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஆள் போவது லாபம் என்று யாரோ போட்ட கணக்கு இருக்கிறது.

சில நேரம் நேரமே பொருளற்றுப் போய்விடும். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. குடிமக்கள்கூட விசேஷ அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. பல மாநிலங்களில் 2021 நவம்பரில் கதவு திறக்கத் தொடங்கியது. மேற்கு ஆஸ்திரேலியா முழுதாகத் திறந்தது 2022 மார்ச் 3 அன்று. பதினேழு மணி நேரத் தூரம் இரண்டு வருடத் தூரமானது. அந்த மாதங்களில் நான் எத்தனையோ தடவை கையுறையோடு டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு படுக்கையருகே நின்றிருக்கிறேன். திரையில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், ஜெபம் செய்தார்கள், சிலர் பேச வராமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கும் திறன் கடைசிவரை இருக்கக்கூடும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதனால் ஒலியைக் கூட்டி, காதருகே வைப்பேன். பிள்ளைகள் கேட்பார்கள்: “சிஸ்டர், அம்மா கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.” பிடித்துக்கொள்வேன். என் சொந்த ஊரில் என் பெரியம்மா இறந்தபோது, அவர் கையை இதேபோல யாரோ ஒரு நர்ஸ்தான் பிடித்திருந்தார்.

இடைவெளியின் இன்றைய அளவு

தந்தி வந்த 1872ல் இடைவெளி ஆறு வாரம். 1935ல் பன்னிரண்டு நாள். 1947ல் நான்கு நாள். இன்று ஒரு நாளுக்கும் குறைவு. தந்தி வந்த பிறகு இவ்வளவு சிறிய இடைவெளி இருந்ததில்லை. ஆனால் போன் செய்கிறவர்களின் குரலில் பதற்றம் குறையவில்லை. கூடியிருக்கிறது என்றே சொல்வேன். ஆறு வாரமென்றால் போக முடியாது என்பது விதி. பதினேழு மணி நேரமென்றால் போவதா வேண்டாமா என்பது நம் முடிவு. லீவு, டிக்கெட் விலை, பிள்ளையின் பரீட்சை, எல்லாவற்றையும் தட்டில் வைத்து நாமே நிறுக்க வேண்டும். அந்தப் பாரத்தை விமானம்தான் நம் தோளில் வைத்தது.

ஊரில் சாவுச்சடங்கையே அது மாற்றிவிட்டது. எங்கள் பக்கம் முன்பெல்லாம் காலையில் இறந்தால் மாலையில் அடக்கம். இப்போது முதல் கேள்வி, “மகன் எப்போது வந்து சேருவான்?” என்பதுதான். ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வருகிறது, அல்லது ஆஸ்பத்திரி பிணவறையில் இடம் கேட்கிறார்கள். விமானம் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் போதகர் ஆராதனை நேரத்தை அறிவிக்கிறார். அப்படியும் வர முடியாதவர்களுக்கு நேரலை. இந்த உரையை நீங்கள் பார்ப்பது போலவே, அவர்கள் அடக்கத்தைப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு இடைவெளி இல்லை. கைக்கு மட்டும் இருக்கிறது.

“நான் இப்போதே கிளம்ப வேண்டுமா?” என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வேன் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். நேரத்தை எந்த நர்சும் துல்லியமாகச் சொல்ல முடியாது. மூச்சு விட்டு விட்டு வருகிறதா, கால் குளிர்ந்து நிறம் மாறுகிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா என்று பார்ப்போம். பார்த்ததைச் சொல்வோம். அதோடு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “உங்களால் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர முடியும்?” பலருக்கு விமான நேரம் மட்டும்தான் தெரிந்திருக்கும். பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கிறதா, விசா வேண்டுமா, வீட்டிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தூரம், இறங்கியபின் எவ்வளவு தூரம், இதையெல்லாம் சேர்த்தால் பதினேழு மணி நேரம் மூன்று நாளாகிவிடும். ஆகவே வயதான பெற்றோரை ஊரில் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: இந்தக் கணக்கை இன்றே, எல்லோரும் நலமாக இருக்கும்போதே, ஒரு தாளில் போட்டுவையுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

முடிந்தால், அவர்கள் எழுந்து உட்கார்ந்து உங்களோடு டீ குடிக்க முடிகிற காலத்திலேயே ஒரு தடவை போய் வாருங்கள். கடைசி நேரத்துக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அதற்கு முந்திய வருடம் போய்வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். போன் வரும்போது இரண்டாமவர்களின் குரல் கொஞ்சம் நிதானமாக இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.